புற்றுநோய் மறுவாழ்வும் அதைச் செய்யும் கைகளும்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் கோப்பில் கழலையின் அளவு, எடுக்கப்பட்ட நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கை, செலுத்தப்பட்ட கதிர்வீச்சின் அளவு, கீமோ மருந்துகளின் பெயர்கள், அடுத்த பரிசோதனைக்கு வர வேண்டிய தேதி ஆகிய அனைத்தும் இருக்கும். அவரால் கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடிகிறதா, வாயைத் திறந்து ஒரு கவளம் சோறு உண்ண முடிகிறதா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, முன்பு பார்த்த வேலைக்குத் திரும்பினாரா என்ற குறிப்புகளைப் பெரும்பாலான கோப்புகளில் காண முடியாது. இந்தக் கேள்விகளைக் கேட்டு அவற்றுக்கு வழி தேடுவதுதான் புற்றுநோய் மறுவாழ்வு மருத்துவம். மும்பையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் துறையில் பணியாற்றி வருகிறேன். நோயாளியின் உடலியக்கத்தை மீட்பதும், அந்தப் பணியைச் செய்யும் ஊழியர்களிடையே நிலவும் ஏற்றத்தாழ்வும் தனித்தனி விவகாரங்கள் என்றும், முதலாவது மருத்துவருடையது, இரண்டாவது நிர்வாகத்துடையது என்றும் மூத்தவர்கள் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வார்டுக்குள் இவை பிரிந்திருந்து நான் பார்த்ததில்லை.

மறுவாழ்வு மருத்துவம் என்றால் விபத்தில் கால் இழந்தவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் உரியது என்றே நான் மாணவியாக இருந்த காலத்தில் பலரும் எண்ணினார்கள். இந்தத் துறைக்கென மும்பை ஹாஜி அலியில் 1955-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தும், எங்கள் வகுப்பில் இதை முதல் விருப்பமாக எழுதியவர்கள் மிகச் சிலரே. என்னை இந்தப் பக்கம் திருப்பியவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையத்தைத் திறந்தார். நோயாளியாகவும் மருத்துவராகவும் இருந்த ஒருவர் கட்டிய துறை என்பதால், நோயாளி என்ன செய்ய விரும்புகிறார் என்று முதலில் கேட்கும் பழக்கம் அதில் ஊறியிருக்கிறது.

புற்றுநோய்க்கு அந்தப் பழக்கத்தை எவ்வாறு பொருத்துவது என்பதற்கு அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் டீட்ஸ் வகுத்த நான்கு நிலைகளை இன்றும் பயன்படுத்துகிறோம். பாதிப்பு வருமுன் தடுப்பது, வந்த பாதிப்பை முழுமையாக மீட்பது, மீட்க முடியாத குறையோடு தானே இயங்கப் பழக்குவது, நோய் முற்றிய நிலையில் வலியையும் பிறரைச் சார்ந்திருப்பதையும் குறைப்பது என்பவை அந்த நான்கு. இவற்றுள் முதலாவதற்குத்தான் எங்களிடம் எவரையும் அனுப்புவதில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி 2022-இல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் ஏறத்தாழ 14.6 லட்சம் பேர். அவர்களில் ஆண்களிடம் வாய்ப் புற்றும் பெண்களிடம் மார்பகப் புற்றும் முன்வரிசையில் நிற்கின்றன. இரண்டிலுமே, சிகிச்சைக்கு முன்பு தொடங்கும் எளிய பயிற்சிகள் பின்னால் வரும் பெரும் துன்பத்தைக் குறைக்கக்கூடியவை.

வாய்ப் புற்றை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் குட்காவுக்கு 2012-இலேயே தடை வந்துவிட்டது. ஆயினும் மாவா, பான் மசாலா, சுண்ணாம்பு கலந்த புகையிலை என்று வேறு பெயர்களில் அந்தப் பழக்கம் தாராவியின் தோல் பட்டறைகளிலும் கட்டட வேலைத் தலங்களிலும் தொடர்கிறது. பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் ஏற்கெனவே நாராக இறுகியிருக்கும். அதன்மேல் அறுவையும் கதிர்வீச்சும் சேரும்போது தாடைத் தசைகள் மேலும் சுருங்கி, வாய் ஒரு விரல் அகலத்துக்குமேல் திறக்காத நிலை வரலாம். மேல், கீழ் முன்பற்களுக்கிடையே 35 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் திறந்தால் அதைத் தாடை இறுக்கம் என்று கணக்கில் கொள்கிறோம். அளவுகோல் இல்லாதவர் தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக நுழைத்துப் பார்த்தால் போதும். நான் பரிந்துரைக்கும் கருவி ஐஸ்கிரீம் குச்சிகள்தான். தட்டையான குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பற்களுக்கிடையே இறுக்கம் தெரியும்வரை வைத்து, அரை நிமிடம் பொறுத்து, தாங்கக்கூடுமானால் இன்னொரு குச்சியை நடுவில் செருக வேண்டும். நாளுக்குப் பலமுறை இப்படிச் செய்து, குச்சிகளின் எண்ணிக்கையை நாள்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். அந்த எண் குறையத் தொடங்கினால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. கதிர்வீச்சு முடிந்த பல மாதங்களுக்குப் பிறகும் இறுக்கம் கூடிக்கொண்டே போகும் என்பதால், வாய் நன்றாகத் திறக்கும் காலத்திலும் பயிற்சியை விடலாகாது. பல் ஆடுகிறது, தாடை எலும்பு வெளியே தெரிகிறது, சீழ் வடிகிறது என்றால் குச்சியைத் தொடாமல் மருத்துவரிடம் வர வேண்டும்.

கழுத்துக் கணுக்களை எடுத்தவர்களுக்குத் தோள் தாழ்ந்துவிடுவது இன்னொரு துன்பம். தோளைத் தூக்கிப் பிடிக்கும் தசைக்குச் செல்லும் நரம்பு, அறுவைக்கு உட்படும் பகுதியின் ஊடாகவே ஓடுகிறது. அந்த நரம்பைக் காப்பாற்றிவிட்டாலும் அது இழுபட்டதால் சில மாதங்கள் தசை சோர்ந்திருக்கும். சட்டையைக் கழற்றிக் கண்ணாடிமுன் நிற்கச் சொன்னாலே இது தெரிந்துவிடும். நோயாளிகளோ, கழுத்தில் அறுத்ததால் தோளும் வலிக்கிறது என்று எண்ணிக் கையை அசைக்காமலே வைத்துக்கொண்டு, மூட்டு உறைந்த பிறகு வருகிறார்கள். உட்காரும்போது முழங்கையைத் தலையணைமீது தாங்கவைப்பது, நடக்கும்போது கையைச் சட்டைப் பைக்குள் விடுவது, தையல் ஆறியதும் படிப்படியாக எடை தூக்கும் பயிற்சியைத் தொடங்குவது ஆகியவற்றை மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே சொல்லிவிட்டால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

மார்பகப் புற்றில் நான் அதிக நேரம் செலவிடுவது கை வீக்கத்தோடு. அக்குள் கணுக்களை முழுவதுமாக எடுத்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. பல ஆண்டுகளாக அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, அந்தக் கையால் எதையும் தூக்காதீர்கள் என்பதே. மாதுங்காவில் பணிப்பெண் வைத்திருக்கும் வீட்டுத் தலைவிக்கு அது பின்பற்றக்கூடிய அறிவுரை. தாராவியில் விடியுமுன் எழுந்து மாவு அரைத்து, இட்லி அவித்து, பாத்திரத்தைச் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கு அது பிழைப்பை விட்டுவிடு என்ற உத்தரவு. கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் நடந்து 2009-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இந்த அறிவுரையின் அடித்தளத்தையே அசைத்தது: ஏற்கெனவே வீக்கம் இருந்த பெண்கள் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்து, மேற்பார்வையில், படிப்படியாக எடை தூக்கியபோது அவர்களுடைய வீக்கம் கூடவில்லை, வீக்கம் திடீரென்று மோசமாகும் நிகழ்வுகள் குறைந்தன. இந்த முடிவை எங்கள் பெண்களுக்குப் பொருத்துவதற்கு நாங்கள் தண்ணீர்ப் புட்டிகளைப் பயன்படுத்தினோம். அரை லிட்டரில் தொடங்கி, கை கனக்காமலும் சிவக்காமலும் இருந்தால் அடுத்த வாரம் அளவைக் கூட்டி, அவர் தொழிலில் தூக்க வேண்டிய எடை எதுவோ அதுவரை கொண்டுபோவோம். இலக்கு எவ்வளவு என்பதை அவரிடம் கேட்டே முடிவு செய்வோம். ஒரு குடம், ஒரு மாவுத் தூக்கு, பிடிவாதமாக அழும் பேரப் பிள்ளை என்று எதுவாகவும் அது இருக்கும்.

அழுத்த உறையைப் பற்றி ஒரு வார்த்தை. மும்பையின் ஈரக்காற்றில் அதை நாள் முழுவதும் அணிவது கொடுமை. மழைக்காலத்தில் துவைத்தால் மறுநாளைக்கும் காயாது. ஒன்றை வாங்கிக்கொடுத்துவிட்டு, நோயாளி அணிவதில்லை என்று கோப்பில் எழுதுவதால் பயனில்லை. மாற்றி அணிய இரண்டு உறைகள் வேண்டும், சில மாதங்களில் நெகிழ்ந்துபோகும் என்பதால் புதிதாக வாங்கப் பணமும் வேண்டும். தோலில் வெடிப்போ கொசுக்கடிப் புண்ணோ வராமல் எண்ணெய் தடவிக் காப்பது உறைக்கு நிகரான சிகிச்சை. கை திடீரென்று சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

சோர்வைப் பற்றி எல்லோருமே குறைத்துச் சொல்கிறார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டாகியும் மாடிப்படி ஏற முடியவில்லை என்று வருபவரிடம், ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னமும் போகவில்லை. 2019-இல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழுவின் பரிந்துரை, வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நேர மிதமான உடற்பயிற்சி சோர்வைக் குறைக்கிறது என்கிறது. எங்கள் பகுதியில் நடப்பதற்கு இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. மாஹிம் இயற்கைப் பூங்காவுக்குப் போகச் சொன்ன ஒரு மூதாட்டி மறுமுறை வந்தபோது போகவில்லை என்றார். கருப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்டு (கதிர்வீச்சு) வைத்த பிறகு வயிறு சொல்லிக்கொண்டு வருவதில்லை, வழியில் எங்கே ஒதுங்குவது என்பதுதான் அவர் தயக்கம். வயிற்றில் மலப் பை பொருத்தியவர்களுக்கு இது இன்னும் கடினம். பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று, தண்ணீர் வாளியோடு உள்ளே போய்ப் பையை மாற்ற வேண்டியவருக்கு மருத்துவமனையின் விசாலமான குளியலறையில் கற்பித்த முறை உதவாது. அதனால் பை மாற்றும் பயிற்சியை ஒரு வாளித் தண்ணீரில், மாட்டிவைக்க ஆணி இல்லாத சுவரருகே நின்று செய்யுமாறு மாற்றினோம். இந்த யோசனையைச் சொன்னவர் வார்டில் இருந்த மவுஷி (பெண் வார்டு ஊழியர்) ஒருவர்.

எலும்பில் பரவிய புற்றில் மட்டும் நான் பயிற்சிக்கு முன் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். மிரெல்ஸ் 1989-இல் தந்த அளவுகோலின்படி இடம், வலி, எலும்பு அரிப்பின் தன்மை, அதன் அளவு ஆகிய நான்குக்கும் மதிப்பெண் இட்டு, 12-க்கு 9 அல்லது அதற்கு மேல் வந்தால் எலும்பு முறியுமுன்பே கம்பி பொருத்துவதைப் பற்றி எலும்பு அறுவை மருத்துவரோடு பேச வேண்டும். வீட்டார் நினைவில் கொள்ள வேண்டியது இது: புற்றுநோய் வந்த ஒருவருக்குப் புதிதாக முதுகுவலி தோன்றி, காலில் வலுவும் குறைந்தால், அல்லது சிறுநீர் அடைத்துக்கொண்டால், தைலம் தேய்க்காமல் அதே நாளில் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் அறிந்திருப்பதால் மட்டும் நோயாளிக்கு நன்மை ஏதும் இல்லை. நான் ஒரு நோயாளியோடு இருப்பது சில நிமிடங்கள். மீதி நேரம் முழுவதும் அவரைத் தூக்கி உட்காரவைப்பவர், கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர், சாப்பாடு ஊட்டுபவர் என்று எல்லாமே மும்பை மருத்துவமனைகளில் மாமா, மவுஷி என்று அழைக்கப்படும் வார்டு ஊழியர்கள்தான். அதற்கு அடுத்தபடி செவிலியர், பிறகு இயன்முறை சிகிச்சையாளர். நேற்று தானாகக் குவளையைப் பிடித்த நோயாளி இன்று பிடிக்கவில்லை என்பதை முதலில் அறிபவர் மவுஷி. அதை எழுத அவருக்கு ஒரு தாள் இல்லை, சொல்ல ஒரு கூட்டம் இல்லை. கீமோவால் விரல் மரத்துப்போனது, மூளைக்குப் பரவிய புற்றால் ஒரு பக்கம் தளர்வது போன்ற மாற்றங்கள் இப்படித்தான் தாமதமாக எங்களை வந்தடைகின்றன.

இயன்முறை சிகிச்சையாளர்களின் நிலையும் இதற்கு மிக மேலானதன்று. நான் பணியாற்றிய ஓரிடத்தில் அவர்கள் 11 மாத ஒப்பந்தத்தில் இருந்தார்கள். ஓராண்டு முடியுமுன் விடுவித்து, சில நாள் இடைவெளிக்குப் பின் மீண்டும் எடுப்பார்கள். கை வீக்கத்துக்குக் கட்டுக் கட்டுவது, பார்த்துப் பழகிக் கையில் படிய வேண்டிய திறன். அதைக் கற்றுத் தேர்ந்த பெண், நிரந்தர வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விடுவார். அடுத்தவருக்கு முதலிலிருந்து கற்பிப்போம். கட்டு சரியாக இல்லை என்று நோயாளிகள் முறையிட்ட மாதங்களை ஒப்பந்த இடைவெளிகளோடு பொருத்திப் பார்த்து நிர்வாகத்திடம் கொண்டுபோன பிறகுதான், ஊழியர் விவகாரம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று சிகிச்சைத் தர விவகாரமாக ஏற்கப்பட்டது. 2021-இல் வந்த துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம் இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் செயல்முறை சிகிச்சையாளர்களுக்கும் சட்டப்படியான அங்கீகாரத்தைத் தந்திருக்கிறது. பணி நிரந்தரத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, உலகச் சுகாதாரத் துறை ஊழியர்களில் 70 விழுக்காட்டினர் பெண்கள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் கால் பங்கே என்றும் சொன்னது. நம் ஊரில் அந்தக் கணக்கோடு சாதியையும் ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. பிற மாநிலத்திலிருந்து குடியேறிய பட்டியலினத்தவர், பழங்குடியினர் தம் சொந்த மாநிலத்தில் பெற்ற தகுதியைக் கொண்டு குடியேறிய மாநிலத்தில் இடஒதுக்கீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே மும்பையின் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட மாணவர் தொடுத்ததுதான். பட்டியலினத்தவரில், 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் வாழ்ந்ததற்குச் சான்று இருப்பவர்கள் தப்பினார்கள். என் தாத்தா 1940-களில் தாராவித் தோல் மண்டிக்கு வந்தவர். அவர் தம் மூத்த மகனை இங்கே பள்ளியில் சேர்த்த பதிவேடு கிடைத்ததால் எனக்குச் சாதிச் சான்றிதழ் வந்தது. எங்கள் தெருவிலேயே, பத்து ஆண்டு பிந்தி ரயிலேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது வரவில்லை. என்னோடு நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தவள், பின்னாளில் நான் சுற்றுக்குப் போன வார்டிலேயே ஒப்பந்த மவுஷியாக வந்தாள். மற்றவர்கள் இருக்கும்போது என்னை மேடம் என்பாள். லிஃப்டில் தனியாக இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

மருத்துவமனைக்குள் வேலைகள் பிரிக்கப்படும் விதத்திலும் இது தொடர்கிறது. மலச்சட்டியைத் தொடுபவர் யார், மருந்துத் தட்டைத் தொடுபவர் யார் என்பது பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே விளங்கும். துப்புரவுப் பணியாளரின் வாரிசுக்கு வேலை தரும் லாட்-பாகே குழுவின் பரிந்துரை மகாராஷ்டிரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிரந்தரச் சம்பளத்தைத் தந்தது. அந்தப் பாதுகாப்பைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. பட்டம் படித்த பிள்ளையும் அதே துடைப்பத்தை வாங்கிக்கொள்ள நேர்வதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நிர்வாகப் பொறுப்பு ஓரளவு கைக்கு வந்த பிறகு நான் முதலில் மாற்றியது கூட்டத்தின் நேரத்தை. வார்டு ஆய்வுக் கூட்டம் காலை எட்டு மணிக்கு நடந்துகொண்டிருந்தது. நோயாளிகளைக் குளிப்பாட்டும் நேரம் அது, மவுஷிகள் எவரும் வர முடியாது. மதியம் இரண்டு மணிக்குக் காலைப் பணி முடிந்து அடுத்த பணி தொடங்குவதால், இரு பணிக்காரர்களும் அங்கிருக்கும் அந்த இடைவெளிக்குக் கூட்டத்தை மாற்றினோம். மருத்துவர்கள் முணுமுணுத்தார்கள், அறுவை அரங்கிலிருந்து வருவது கடினம் என்றார்கள், அது உண்மையும்கூட. முதல் சில கூட்டங்களில் மவுஷிகள் சுவரோரம் நின்றார்கள், எவரும் பேசவில்லை. எல்லோருக்கும் நாற்காலி போட்டு, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் முதல் வார்த்தை அவரைத் தூக்கியவருடையது என்று வரிசையை மாற்றிய பிறகே பேச்சு எழுந்தது. எழுத்துத் தெரியாதவர்களும் நிரப்பக்கூடிய படத்தாள் ஒன்றைத் தயாரித்தோம்: படுக்கை, நாற்காலி, குவளை, கழிப்பறை என்று நான்கு படங்கள், தானே செய்தால் ஒரு கோடு, ஒருவர் உதவினால் இரண்டு, இருவர் வேண்டுமென்றால் மூன்று. அந்தத் தாள் கோப்பின் முன்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது, முதுகு. நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்க வேண்டிய எடை 16 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கீட்டு முறையைக் கொண்டு வரம்பு வகுத்திருக்கிறார்கள். எங்கள் வார்டில் தம் எடைக்கும் அதிகமான நோயாளியை ஒரு மவுஷி தனியாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவார். இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போகும். தூக்கும் இயந்திரத்துக்கு எழுதிப்போட்ட விண்ணப்பம் நகரவில்லை. அதற்குள், வழுக்கும் நைலான் விரிப்பு, இடுப்பில் கட்டிப் பிடிக்கும் வார், கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் இடையே போடும் வழவழப்பான பலகை ஆகியவற்றை உள்ளூர்த் தச்சரிடமும் தையற்காரரிடமும் செய்துகொண்டோம். மூன்று கோடு உள்ள நோயாளியை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது என்ற விதியைப் படத்தாளோடு இணைத்தோம். பயிற்சி தரும் பொறுப்பை இயன்முறை சிகிச்சையாளருக்கும் அனுபவமுள்ள ஒரு மவுஷிக்கும் சேர்த்துக் கொடுத்தோம். முதுகு தேய்ந்தவர் சொன்னால்தான் புதியவர்கள் கேட்கிறார்கள்.

மூன்றாவது, மொழி. தமிழ்நாட்டிலிருந்து சிகிச்சைக்காக ரயிலேறி வருபவர்களும், இங்கேயே வாழ்ந்தும் இந்தி பேச வராத முதியவர்களும் ஏராளம். யாராவது தமிழ் பேசும் மவுஷியை வேறு வார்டிலிருந்து கூப்பிட்டு, கை எடுக்க வேண்டும், குரல் போகும் என்பன போன்ற செய்திகளை அவர் வாயால் சொல்லவைப்பார்கள். திரும்பிப் போனால் விட்டுவந்த வேலை அப்படியே கிடக்கும், மேற்பார்வையாளரின் ஏச்சும் கிடைக்கும். மொழிபெயர்ப்பைப் பணிநேரமாகப் பதிவு செய்து, சிறு படித்தொகை கொடுத்து, கடினமான செய்தி என்றால் முன்கூட்டியே அவரிடம் விளக்கிவிட்டு அழைப்பது என்று ஒழுங்கு செய்தோம். நோயாளியின் பிள்ளையை மொழிபெயர்க்கவைப்பதை நிறுத்தினோம். படித்தொகை அற்பமானது. ஆனால் அதன்பின் மேற்பார்வையாளர்கள் ஏசுவதில்லை.

ஊழியருக்கே புற்றுநோய் வரும்போது நேர்வதை நான் தாமதமாகவே கவனித்தேன். நிரந்தரச் செவிலியர் விடுப்பெடுத்துச் சிகிச்சை பெற்றுத் திரும்புவார். ஒப்பந்த ஊழியர், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருந்தால், இ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டியவர். புற்றுநோய் போன்ற நீடித்த நோய்களுக்கு, தகுதியான பணிக்காலமும் சந்தாவும் இருந்தால், ஈராண்டுவரை சம்பளத்தின் 80 விழுக்காடு தரும் நீட்டித்த நோய்ப்பயன் அதில் உண்டு. சம்பளத்தில் பிடித்தம் நடந்தும் காப்பீட்டு எண்ணைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எங்களிடம் பலர் இருந்தார்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிய எண் போட்டதால் பழைய பணிக்காலம் கணக்கில் வராமல் போனவர்களும் உண்டு. மருத்துவமனைகளில் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் உடல்நலத்தோடு இருக்கும்போதே அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, சந்தா பதிவாகிறதா என்று பார்த்து, நிறுவனம் மாறினாலும் அதே எண்ணைத் தொடரச் சொல்ல வேண்டும்.

நோயாளிகள் தவறவிடும் உரிமைகளும் சில உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குரல்வளை அகற்றியதால் வரும் நிரந்தரப் பேச்சுக் குறையைப் பெயர் குறிப்பிட்டே பட்டியலில் சேர்த்திருக்கிறது. கால், கை எடுத்தவர்களும், நரம்பு பாதித்து அசைவு இழந்தவர்களும் உடலியக்கக் குறைபாட்டின்கீழ் மதிப்பீடு கோரலாம். 40 விழுக்காடு என்று சான்று கிடைத்தால் பல சலுகைகள் திறக்கும். இதை எழுதித் தர வேண்டியவர் நாங்கள்தான் என்பதால், அறுவைக்குப் பிந்தைய வருகைகளில் ஒன்றில் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்புவதை வழக்கமாக்கினோம். ரயில் சலுகைப் படிவத்தையும் அதே மேசையில் வைத்தோம். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணம் இல்லை, உடன் வருபவருக்கும் பெரும் சலுகை உண்டு. ஊருக்குப் போகக் காசில்லாமல் கீமோ சுழற்சிகளுக்கு இடையே நடைபாதையில் தங்குபவர்கள் இருக்கும் நகரத்தில் இந்தப் படிவம் மருந்துக்குக் குறைந்ததன்று.

எல்லாம் கைகூடிவிடவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையை முடிவு செய்யும் குழுக் கூட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளருக்கு இப்போது இடம் உண்டு; அறுவை மருத்துவர்களில் பாதிப் பேர் அவர் பேசும்போது கைப்பேசியைப் பார்க்கிறார்கள். கை வீக்கச் சிகிச்சைக்கென நிரந்தரப் பணியிடம் ஒன்று இன்னும் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. நோயாளியைத் தூக்கும் பயிற்சி பெற்ற மவுஷிகளுக்கு நாங்கள் தந்த சான்றிதழைப் பணி உயர்வுக்குக் கணக்கில் எடுக்க விதியில் இடமில்லை என்று பணியாளர் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது. விதியைத் திருத்தக் கோரும் மனுவைத் தொழிற்சங்கம் இம்முறை மராத்தியில் எழுதியிருக்கிறது. அதனுடன் நான்கு படங்கள் கொண்ட அந்தத் தாளின் ஓராண்டுப் பதிவுகளையும் இணைத்து, மருத்துவர் தரப்பில் நான் கையொப்பமிட்டிருக்கிறேன்.